மிடறு மிடறாக: வாந்திக்குப் பிறகு வீட்டில் தேறுவது

வாந்தி ஒரு சுற்று ஓய்ந்ததும் வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் தண்ணீரை மடமடவென்று குடித்துவிடத் தோன்றும். குடித்தால் கால் மணி நேரத்தில் அப்படியே திரும்பி வரும். 'தண்ணிகூட நிக்கல' என்று பயந்துபோய் அதன் பிறகு குடிப்பதையே விட்டுவிடுவார்கள். வீட்டில் இருந்தே இரண்டு நாளில் தேறக்கூடியவர்கள் மூன்றாம் நாள் பினாங்கின் செபராங் ஜெயா மருத்துவமனையில் கையில் ட்ரிப்போடு படுத்திருப்பது இப்படித்தான்.

எரிச்சலில் இருக்கும் இரைப்பை கொஞ்சம் உப்பினாலும் குமட்டல் கிளம்பும். ஒரு தேக்கரண்டி நீருக்கு அது உப்பாது. அந்தச் சிறு அளவு மெல்லக் குடலுக்கு இறங்கிவிடும், நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்வதும் குடலில்தான். அதனால் என்ன குடிப்பது என்று கேட்பதற்கு முன்னால் எந்த வேகத்தில் குடிப்பது என்று கேளுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் படிக்க உங்களுக்குத் தெம்பு இருந்தால், கரண்டிக் கணக்கு வரும் பக்கத்தைப் படியுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் பெரியவர்களுக்கு. கைக்குழந்தை, சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு நீர் வற்றும் வேகமே வேறு. அவர்களுக்கு வாந்தி தொடர்ந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

முதல் அரை மணி நேரம்

வாந்தி எடுத்த கையோடு வாயைத் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துத் துப்புங்கள். பல் துலக்க வேண்டாம். இரைப்பை அமிலம் பட்ட பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும், பிரஷ் போட்டால் தேய்ந்துவிடும். அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம். வாந்திக்குப் பிறகு பதினைந்து முதல் முப்பது நிமிடம் வரை எதையும் விழுங்காமல் இரைப்பையைச் சும்மா விடுங்கள்.

மல்லாந்து படுக்காதீர்கள். ஒருக்களித்து, தலையைச் சற்று உயர்த்திப் படுங்கள். தூக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்க அதுதான் வழி. படுக்கைக்கு அருகே ஒரு வாளி, பழைய துண்டு, சார்ஜ் ஏற்றிய கைப்பேசி மூன்றும் இருக்கட்டும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் சம்பல் பெலாச்சான் தாளித்தால் அந்த வாசனையே போதும், குமட்டல் மறுபடி கிளம்பிவிடும். அந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். மினியாக் கேப் காப்பாக் போன்ற தைலத்தை நெற்றியில் தடவினால் சிலருக்கு ஆறுதலாக இருக்கும். தடவுவதோடு சரி, உள்ளுக்குக் கொடுக்கக்கூடாது.

தனியாக இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பிறைத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு தாமான் வீடுகளில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் ஏராளம். இங்கே வீட்டு வாசலில் இரும்பு கிரில்லும் பூட்டும் இல்லாத வீடு அபூர்வம். இரவில் பூட்டிவிட்டு உள்ளே மயங்கிவிட்டால் ஆம்புலன்ஸ் வந்தாலும் ஆட்கள் வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும். வாந்தி தொடங்கிய அன்றே மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடமோ அடுத்த அறை நண்பரிடமோ கொடுத்து, "காலையில ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கக்கா" என்று சொல்லி வையுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கரண்டிக் கணக்கு

வாந்தியில் வெறும் தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்புகளும் போகின்றன. குடல் உப்பை உள்ளிழுக்கக் குளுக்கோஸின் துணை வேண்டும். இரண்டும் சேர்ந்து குடல் சுவரைக் கடக்கும்போது தண்ணீரும் கூடவே போகும். ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றுக் கரைசல்) பொட்டலத்தில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருப்பது இதற்காகத்தான். உலகச் சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைக்கும் அளவில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கும்.

இதன் வலிமையை உலகம் கண்ணால் பார்த்தது 1971இல். வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துவிட்ட நிலையில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே புகட்ட வைத்தார். முப்பது சதவிகிதத்தை ஒட்டியிருந்த இறப்பு நான்கு சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. புகட்டியவர்கள் தாதியர் அல்லர். தாயும் தம்பியும் மற்ற உறவினரும்தான். உங்கள் வீட்டிலும் அதைச் செய்ய முடியும்.

பொட்டலத்தைக் கரைப்பதில் ஒரு கவனம் தேவை. மலேசியாவில் அரசு கிளினிக்கிலும் மருந்துக்கடையிலும் கிடைப்பது பெரும்பாலும் 250 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலம். ஊரிலிருந்து வந்த உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததோ ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமாக இருக்கும். அதை ஒரு குவளையில் கரைத்துக் குடித்தால் உப்பு நான்கு மடங்காகிவிடும், ஆபத்து. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துவிட்டே கிழியுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரில் கரையுங்கள். கரைத்த பிறகு சூடாக்க வேண்டாம், ருசிக்காகச் சர்க்கரையோ ரிபெனாவோ சேர்க்க வேண்டாம். மூடி ஐஸ் பெட்டியில் வைத்தால் ஒரு நாள் வரை குடிக்கலாம், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் சிலருக்குக் குமட்டல் குறைகிறது.

இப்போது கரண்டி. ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று தொடங்குங்கள். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். 250 மில்லிலிட்டர் குவளை காலியாக ஐம்பது கரண்டி, அதாவது நூறு நிமிடம் ஆகும். ஒரு குவளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மணி நேரமா என்று அலுப்பாக இருக்கும். ஆனால் மடக்கென்று குடித்து முழுதும் வெளியே போவதைவிட இந்த ஐம்பது கரண்டி உள்ளே தங்குவதுதான் கணக்கில் சேரும். முதல் குவளை தங்கிவிட்டால் நிமிடத்துக்கு ஒரு கரண்டி. அதுவும் தங்கினால் சின்னச் சின்ன மிடறு. இடையில் மறுபடி வாந்தி வந்தால் மனம் தளர வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, முன்னைவிட மெதுவாகத் தொடங்குங்கள். வாந்தியில் எல்லாமே வெளியேறிவிடுவதில்லை, ஒரு பகுதி குடலுக்குப் போயிருக்கும்.

நள்ளிரவில் பொட்டலம் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கரண்டியைக் கத்தியால் வழித்து அளவெடுங்கள். கலந்த நீர் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக்கூடாது. அரிசிக் கஞ்சித் தண்ணீரில் உப்பிட்டுக் குடிப்பதும் நல்ல வழி. நம் பாட்டிமார் வடித்துக் கொடுத்த கஞ்சித் தண்ணீருக்கு மருத்துவம் முழு மனதோடு தலையாட்டுகிறது.

'ஹண்ட்ரட் பிளஸ் குடிச்சா போதுமே' என்பது மலேசியாவில் எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. வியர்த்து விளையாடியவருக்கு அது சரி. வாந்தியில் இழந்ததை ஈடுகட்ட அதில் உப்பு போதாது, சர்க்கரை கூடுதல், அதோடு கேஸ் வேறு. வேறு எதுவுமே கிடைக்காத நேரத்தில் கேஸ் போகக் கிளறிவிட்டு, அதே கரண்டி வேகத்தில் குடிக்கலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ்ஸுக்கு நடுவே மாற்றத்துக்குக் கொஞ்சம் குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. மைலோவும் தே தாரிக்கும் முதல் நாள் வேண்டாம், பால் இப்போது இறங்காது.

இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் நீர் என்று மருத்துவர் வரையறுத்திருப்பார். அவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களாகவே பின்பற்றாமல் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதைக் கவனிப்பது

எத்தனை முறை வாந்தி என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதைவிட நல்ல அளவுகோல் சிறுநீர். ஒரு காகிதத்தில் போன நேரத்தையும் நிறத்தையும் குறித்து வையுங்கள். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வெளிர் மஞ்சளாகப் போனால் நீங்கள் குடிப்பது போதுமானது. அடர்ந்த தேநீர் நிறத்தில் சொட்டுச் சொட்டாகப் போனால் போதவில்லை. எட்டு மணி நேரமாகப் போகவே இல்லை என்றால் வீட்டு வைத்தியம் அங்கே முடிந்தது, கிளம்புங்கள்.

எழுந்து நின்றதும் கண் இருட்டுவது, ஒரு நாள் முழுதும் கரண்டி அளவுகூடத் தங்காதது, வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கருமையோ கரும்பச்சை நீரோ வருவது, விடாத வயிற்று வலி, கழுத்து விறைப்போடு கடும் தலைவலி, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைதான். நடுத்தர வயதைக் கடந்தவருக்கு, முக்கியமாக நீரிழிவுக்காரருக்கு, குமட்டலோடு குளிர்ந்த வியர்வையும் நெஞ்சில் பாரமும் இருந்தால் அது வயிற்றுக் கோளாறாக இல்லாமல் மாரடைப்பாக இருக்கலாம். 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லி ஈனோ கலக்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.

டெங்கியை இங்கே மறக்கவே முடியாது. காய்ச்சல் வந்து மூன்று முதல் ஐந்து நாளில் சூடு இறங்கும்போது 'சரியாகிவிட்டது' என்று வேலைக்குக் கிளம்புவார்கள். உண்மையில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. அந்தச் சமயத்தில் தொடர் வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய அசதி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சலோடு வாந்தி இருந்தால் வலிக்குப் பனடோல் மட்டும் போடுங்கள். பொன்ஸ்தான், வோல்டாரன், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் எதுவும் வேண்டாம். அவை இரைப்பையையும் புண்ணாக்கும், டெங்கியாக இருந்தால் இரத்தப்போக்கையும் கூட்டும்.

கெட்டுப்போன உணவுதானே, ஒரு நாளில் போய்விடும் என்ற அலட்சியமும் கூடாது. 2018 அக்டோபரில் பக்கத்து மாநிலமான கெடாவின் பாலிங் வட்டாரத்தில் லக்சா சாப்பிட்ட பலர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். நச்சுணவில் எது எப்போது தாக்கும் என்பதற்கு ஒரு தோராயம் உண்டு. சமைத்து வெளியிலேயே வைத்திருந்த சோற்றில் வளரும் பசிலஸ் கிருமியின் நஞ்சு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும், பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கும். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை பதுங்கியிருந்து காய்ச்சலோடு வெளிப்படும். நோரோ வைரஸ் அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் வந்து, ஒன்று முதல் மூன்று நாள் படுத்தும். கடைசியாக எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்று குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ரசாயனத்தையோ பூச்சிமருந்தையோ விழுங்கி வந்த வாந்தி என்றால் மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. மேலும் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், விழுங்கிய பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். நாட்டின் தேசிய நச்சு மையம் பினாங்கிலேயே, மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மருத்துவர்கள் அங்கே ஆலோசனை கேட்பார்கள்.

நீரிழிவும் தினசரி மாத்திரைகளும்

இந்தப் பகுதியை நம்மவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது இன்னும் கூடுதல். சாப்பாடு தங்காத நாளில் வழக்கமான மாத்திரைகளே தொல்லையாக மாறக்கூடும். மெட்ஃபோர்மின், டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், இரத்த அழுத்தத்துக்கான பெரிண்டோபிரில் வகை, சிறுநீர் போகவைக்கும் ஃப்ரூசமைட் ஆகியவற்றை நீர் வற்றிய உடம்பில் தொடர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், இரத்தத்தில் அமிலம் கூடலாம். இவற்றை எப்போது நிறுத்தி எப்போது மறுபடி தொடங்குவது என்று உடல்நலத்தோடு இருக்கும்போதே உங்கள் கிளினிக்கில் கேட்டு, மாத்திரைப் பையிலேயே எழுதி வையுங்கள். கிளிக்ளசைட் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும்.

இன்சுலினை மட்டும் 'சாப்பிடலையே' என்று அறவே நிறுத்திவிடாதீர்கள். நோயுற்ற உடம்பு சாப்பிடாமலேயே சர்க்கரையை ஏற்றும். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விரல் நுனியில் குத்திப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் சர்க்கரைத் தண்ணீர். வாந்தி நிற்காமல் அளவு 15ஐத் தாண்டினாலோ மூச்சு ஆழமாக இரைத்தாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஓ.ஆர்.எஸ்ஸில் சர்க்கரை இருக்கிறதே என்று நீரிழிவுக்காரர்கள் அதைத் தவிர்க்கத் தேவையில்லை, அளவில் அது குறைவுதான்.

வாந்தி மாத்திரை

"அண்ணே, வாந்திக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதைவிட, மருந்தாளுநரிடம் உங்கள் வயது, வேறு நோய்கள், போடும் மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். மெட்டோகுளோபிரமைட் சில இளவயதினருக்குக் கழுத்தையும் தாடையையும் ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்க வைத்துவிடும். கரி மாத்திரையைப் பலரும் கைவைத்தியமாக விழுங்குகிறார்கள். அது மற்ற மருந்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாது. பெரும்பாலான வாந்தி ஓரிரு நாளில் தானாக அடங்கும். அந்த ஓரிரு நாளில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை.

மறுபடி பசியாறுவது

நான்கு முதல் ஆறு மணி நேரம் வாந்தி இல்லாமல் இருந்து, லேசாகப் பசி எடுத்தால் சாப்பிடத் தொடங்கலாம். பட்டினி கிடந்து வயிற்றைக் 'காயப்போட' வேண்டியதில்லை. உப்பிட்ட குழைந்த கஞ்சி, சீனர் கடையில் கிடைக்கும் வெறும் மோய், கிரீம் கிரேக்கர், வாட்டிய ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பிசாங் பெராங்கான், சட்னி இல்லாத இட்லி. நான்கைந்து வாயோடு நிறுத்தி ஒரு மணி நேரம் பாருங்கள். குமட்டல் இன்னும் கொஞ்சம் இருந்தால் இஞ்சியைத் தட்டிப் போட்ட வெந்நீர் உதவலாம். இரண்டாம் நாள் காரம் குறைத்த ரசம், மூன்றாம் நாள் வழக்கமான சாப்பாடு. நாசி லெமாக்கின் தேங்காய்ப்பாலும் நாசி கண்டாரின் குழம்பும் அதற்குள் வேண்டாம். கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். பால் ஒத்துக்கொள்ளச் சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். மோர் அதற்கு முன்பே இறங்கும்.

வீட்டில் மற்றவர்களுக்கு

நோரோ வைரஸ் போன்றவை கைத்துடைப்பு ஜெல்லுக்கு அவ்வளவாக மசிவதில்லை. சோப்பு போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் உதவும். வாந்தி சிந்திய இடத்தைக் கையுறை போட்டு, காகிதத்தால் துடைத்தெடுத்து, லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் குளோராக்ஸ் கலந்த நீரைத் தெளித்து, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், வேறு எந்தக் கழுவும் திரவத்தோடும் அதைக் கலக்காதீர்கள். கடைசி வாந்திக்குப் பிறகு 48 மணி நேரம் அடுத்தவருக்குச் சமைக்க வேண்டாம். உணவுக்கடையில் வேலை செய்பவர்கள் அதுவரை வேலைக்கே போகக்கூடாது.

தண்ணீர் வெட்டு நாளில் இதெல்லாம் கடினம். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றியபோது பினாங்கில் பல பகுதிகளில் நாட்கணக்கில் குழாய் வறண்டது. வாளிகளில் பிடித்து வைத்த நீரைக் குடிக்க ஒன்று, கழுவ ஒன்று என்று பிரித்து, குடிநீரை மூடி வையுங்கள். அதற்குள் கை விட்டு மொள்ளாமல் பிடியுள்ள குவளையைப் பயன்படுத்துங்கள். கொதிக்கவைப்பதும் அந்த நாட்களில் தவறவே கூடாது.

மருத்துவமனைக்கும் வேலைக்கும்

லேசான சிக்கலுக்கு அரசு கிளினிக் கெசிஹாத்தான் போதும். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. மருத்துவமனை அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பார்கள். பச்சையில் காத்திருப்பு நீளும். முகப்பில் வெறுமனே 'வாந்தி' என்று சொல்லாமல், எத்தனை மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, நின்றால் மயக்கம் வருகிறதா, நீரிழிவு உண்டா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். நீங்கள் எழுதிய காகிதத்தையும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தலை சுற்றும் நிலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள்.

எம்.சி. என்னும் மருத்துவச் சான்றிதழை வாங்கத் தயங்கி, பாதி தேறிய உடம்போடு இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பை உரிமையாகவே தருகிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவான பணிக்காலத்துக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. எம்.சி. கையில் இருந்தாலும், விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கரண்டிக்கும் கரண்டிக்கும் இடையிலான இரண்டு நிமிடத்தில் சூப்பர்வைசருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் படுங்கள்.